சுவர்ப் பக்கம் திருப்பியவளுக்கு

என் சக்கரக்கட்டி,

அம்மா எழுதுறேன். இங்க நானும் அப்பாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், அங்க நீயும் உன் இடது மணிக்கட்டும் அதே மாதிரி நல்லா இருக்கணும்னு நினைச்சுக்கிட்டே ஆரம்பிக்கிறேன். நீ போனை அணைச்சு வெச்சதுல எனக்கு வருத்தமே இல்லை, முகம் தெரியாத ஆளுங்க எல்லாம் திட்டி அனுப்புறதைப் படிச்சுக்கிட்டு உட்கார்ந்தா யாருக்குத்தான் சோறு இறங்கும், நல்ல காரியம்தான் செஞ்சே. ஆனா உங்க டீம் ஆபீஸ்ல இருந்து வர்ற "நலம், கவலை வேண்டாம்"ங்கிற ஒத்தை வரியை வெச்சுக்கிட்டு உங்கப்பா படுற பாட்டைப் பார்க்க முடியலைடி. பரீட்சைக் கேள்வி மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் படிச்சுட்டு, கவலை வேண்டாம்னு எழுதுறான்னா கவலைப்பட ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்னு என்னைக் கேட்கிறார். அதனாலதான் பேனாவை எடுத்தேன். விசாரணைக் குழு உன் மேல தப்பே இல்லைன்னு சொன்னது உனக்குத் தெரியும், அதுக்குள்ள இங்க என்னென்ன நடந்துச்சுன்னு தெரியாது, நாங்கதான் சொல்லலை. இப்ப மறைக்காம எழுதுறேன், பதறாம படி, எல்லாம் நல்லபடியாத்தான் முடிஞ்சிருக்கு.

நீ ஓட்டுறதை நாங்க டிவியில பார்க்க மாட்டோம்னு உனக்குத் தெரியும், முடிஞ்சதும் உன் குரலைக் கேட்டாதான் எங்களுக்கு ரேஸ் முடியும். அன்னைக்கு உன் குரலுக்குப் பதிலா டீம் டாக்டர் பேசினார், மணிக்கட்டு மட்டும்தான், வேற ஒண்ணும் இல்லைன்னார். நாங்க அப்பாடான்னு உட்கார்ந்தோம். சாயங்காலம் செய்தியைப் போட்டா, உன் கார் போய் முன்னாடி நிக்கிற காரோட வால்ல இடிக்குது, அந்தக் கார் உருளுது, அதை ஓட்டின பையனை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போறாங்க. அவ்வளவுதான் காட்டினாங்க, அதையே மறுபடி மறுபடி காட்டினாங்க. அதுக்கு முன்னாடி என்ன, பின்னாடி என்னன்னு ஒண்ணும் கிடையாது. கீழே சிவப்பு எழுத்துல "வெற்றி வெறியில் சக வீரர் மீது மோதிய பெண்"னு ஓடுது. இவரைப் போல ஆளுங்களை ஓட்ட விடலாமான்னு ஒருத்தர் கேட்க, கட்டம் கட்டமா உட்கார்ந்திருந்த நாலு பேரும் ஒரே நேரத்துல கத்துறாங்க. மறுநாள் நீ சின்ன வயசுல பொம்மைக் கார்ல உட்கார்ந்து நாக்கைத் துருத்திக்கிட்டு இருக்கிற போட்டோவைப் போட்டு, அப்பவே அடங்காதவர்னு ஆரம்பிச்சுட்டாங்க. இந்தப் போட்டோ இவங்க கைக்கு எப்படிப் போச்சுன்னு வீட்டையே புரட்டித் தேடினோம். கடைசில பார்த்தா உங்க பெரியம்மா. நிருபர் பையன் வாய் நிறைய அம்மா அம்மான்னு கூப்பிட்டானாம், உங்க பொண்ணைப் பத்தி நல்லதா எழுதப் போறோம்னானாம், இவ ஆல்பத்தையே தூக்கிக் கொடுத்திருக்கா. போன்ல ஒரே அழுகை. அவளைத் திட்டவும் மனசு வரலை, திட்டாம இருக்கவும் முடியலை, பாதி திட்டிட்டு வெச்சுட்டேன். நீ அவ மேல கோபத்தை வெச்சுக்காதே.

அப்புறம் என் வேனுக்கு வந்தாங்க. பள்ளிக்கூட வாசல்ல நான் பிள்ளைங்களை இறக்கிட்டு இருக்கேன், கேமராவைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்து, மகள் ரேஸ் காரில், தாய் பள்ளி வேனில், குழந்தைகள் பத்திரமான்னு கேட்கிறாங்க. நான் ஆமை வேகத்துல ஓட்டுறேன்னு பின்னாடி வர்றவன் எல்லாம் ஹாரன் அடிக்கிறது இந்த ஊர் முழுக்கத் தெரியும், ஆனா டிவியில வந்துட்டா தெரிஞ்சதும் தெரியாததா ஆயிடும் போல. சில அம்மாமார் பிள்ளைங்களைத் தாங்களே கொண்டு வந்து விட ஆரம்பிச்சாங்க. தலைமையாசிரியை கூப்பிட்டு, உங்க மேல எனக்குச் சந்தேகம் இல்லைங்க, கொஞ்சம் சூடு ஆறட்டும், அதுவரைக்கும் வீட்டுல இருங்கன்னு சொன்னாங்க. சாவியை மேஜை மேல வெச்சுட்டு நடந்து வந்தேன். உள்ளதைச் சொல்றேன், அன்னைக்குத்தான் உடைஞ்சு போனேன். உங்கப்பாவுக்கும் இதே கதைதான். அவர் லிஃப்ட் பழுது பார்க்கப் போன ஒரு கட்டடத்துல, கூடவே ஏறின ஒரு பெரிய மனுஷன் பொண்ணை எப்படி வளர்க்கணும்னு கீழ்த்தளத்துல ஆரம்பிச்சு மொட்டை மாடி வரைக்கும் பாடம் எடுத்தாராம். நான் லிஃப்டை ஓட வைக்கிற ஆளா இருக்கப் போய் தப்பிச்சார்னு வீட்டுக்கு வந்து சொன்னார், சொல்லிட்டுச் சிரிச்சார், சிரிச்சுக்கிட்டே முகத்தைக் கழுவப் போயிட்டார்.

அந்தச் சேனல்காரங்களே என்னைப் பேச வரச் சொன்னாங்க. அப்பா வேண்டவே வேண்டாம்னார், உன்னை வெச்சு இன்னொரு நாள் ஓட்டுவாங்கன்னார். நான்தான் போனேன். நல்ல துணியா உடுத்திக்கிட்டு, என்ன சொல்லணும்னு குளியலறைக் கண்ணாடி முன்னாடி நின்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போனேன். அங்க முகத்துல மாவு பூசின மாதிரி எதையோ பூசி, கண்ணு கூசுற விளக்குக்கு அடியில உட்கார வெச்சதும் எல்லாம் மறந்து போச்சுடி. உங்க மகள் செஞ்சதுக்கு நீங்க வெட்கப்படுறீங்களான்னு நிகழ்ச்சி நடத்துற பொண்ணு கேட்குது, ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்துச்சு. இடிக்கிறதுக்கு முன்னாடி நடந்ததைப் போடுங்கம்மா, பார்த்துட்டுச் சொல்றேன்னேன். அது அடுத்த கேள்வியைக் கேட்டுச்சு. அதுக்கும் அதையேதான் சொன்னேன். அடிபட்டவர் குடும்பத்துக்கு என்ன பதில்னு கேட்டுச்சு, முன்னாடி நடந்ததைப் போடுங்க, அவங்களும் பார்க்கட்டும்னேன். வேற எதுவும் எனக்கு ஞாபகம் வரலைங்கிறதுதான் நிஜம், ஆனா பார்த்தவங்களுக்கு நான் என்னமோ மலை மாதிரி உட்கார்ந்திருந்த மாதிரி தெரிஞ்சிருக்கு. கடைசில அந்தப் பொண்ணு காதுல மாட்டியிருந்ததைத் தொட்டுப் பார்த்துட்டு விளம்பரத்துக்குப் போயிட்டா. வெளியே வந்தா உங்கப்பா வாசல்ல நின்னு என்னைப் பார்த்து, முகத்துல என்ன இவ்வளவு வெள்ளைன்னு மட்டும் கேட்டார்.

நான் பேசின அந்தத் துண்டுப் படம் போன் போனா சுத்தியிருக்கு, ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கு. அடிபட்ட பையனோட அக்கா பார்த்துட்டு அவன்கிட்ட காட்டியிருக்கா. காலுக்கு ஆபரேஷன் முடிஞ்சு மயக்கமும் வலியுமா படுத்திருந்ததால வெளியே இப்படி ஒரு கூத்து நடக்கிறதே அதுவரைக்கும் அவனுக்குத் தெரியாதாம். தெரிஞ்சதும் தன் டீமைக் கூப்பிட்டு, டிராக் ஓரத்துல நாம வெச்சிருந்த கேமராப் படத்தை முழுசா வெளியே விடுங்கன்னு சண்டை போட்டிருக்கான். அவங்க விட்டாங்க. அப்பதான் நாங்களே முதல் தடவையா முழுசா பார்த்தோம், நானும் அப்பாவும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு. அவன் டயர் வெடிக்குது, கார் சுத்தி டிராக்குக்குக் குறுக்கே நிக்குது, அவன் உட்கார்ந்திருக்கிற பக்கத்துக் கதவு நேரா உன்னைப் பார்த்து இருக்கு. நீ வர்றே. நேரா வந்திருந்தா அந்தக் கதவுதான். நீ சுவர்ப் பக்கம் திருப்புறே. உன் பின்பக்கம் அவன் வால்ல உரசி அவன் உருளுறான், நீ சுவர்ல போய் மோதுறே. டிவிக்காரங்க அந்த உரசலை மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டு முன்னாடி டயரையும் விட்டுட்டாங்க, பின்னாடி சுவரையும் விட்டுட்டாங்க. விசாரணைக் குழுவும் அந்தப் படத்தைப் பார்த்துதான் முடிவு சொன்னாங்க. சேனல் வருத்தம் தெரிவிச்சுச்சு, எப்படித் தெரியுமா, வானிலைச் செய்திக்குக் கீழே பொடி எழுத்துல ஒரு வரி. உங்கப்பா மூக்குக்கண்ணாடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஓடிப் போச்சு. மறுபடி போடுவாங்களான்னு கொட்டாவி விட்டுக்கிட்டே காத்திருந்தார், போடலை.

இப்ப நான் சொல்றதைக் கேளு. அவங்க சொன்ன பொய் என்னைப் பயமுறுத்தலை, பொய்னு எனக்குத் தெரியும், அதோட சண்டை போட முடிஞ்சுச்சு. அந்த நிஜத்தைப் பார்த்துதான் பயந்தேன். கண்ணை மூடித் திறக்கிற நேரத்துல நீ சுவரை எடுத்துக்கிட்டியே. உன்னைப் பிடிச்சு ரெண்டு அடி போடணும்னு இருந்துச்சு, அப்படியே மடியில தூக்கி வெச்சுக்கணும்னும் இருந்துச்சு. ஊர் என்ன சொன்னாலும் எனக்கு என் பொண்ணு யாருன்னு தெரியும்னு நினைச்சிருந்தேன், பாதிதான் தெரிஞ்சிருக்குடி, மீதியை அந்தப் படத்துல பார்த்தேன்.

மறுபடி ஓட்டுறதா வேண்டாமான்னு நீ யோசிக்கிறதா உங்க டீம் மேனேஜர் சொன்னார். உனக்கே போதும்னு தோணினா கிளம்பி வா, உன் ரூம் அப்படியேதான் இருக்கு, அப்பாவோட ஸ்பேனர் பெட்டி மட்டும் கட்டில் மேல இருக்கு, எடுத்துடச் சொல்றேன். ஓட்டணும்னு தோணினா ஓட்டு, இனிமே நாங்களும் உட்கார்ந்து முழு ரேஸையும் பார்க்கப் போறோம், துண்டு துண்டா அடுத்தவங்க காட்டுறதைப் பார்த்தது போதும். எதுவா இருந்தாலும் நீ எடுத்த முடிவா இருக்கட்டும், அந்த டிவிப் பெட்டி எடுத்ததா இருக்க வேண்டாம். தலைமையாசிரியை தானே வீட்டுக்கு வந்து சாவியைக் கொடுத்துட்டுப் போனாங்க, திங்கக்கிழமையில இருந்து ஓட்டுறேன். எல்லாப் பிள்ளைங்களும் வந்துட்டாங்கன்னு சொல்ல மாட்டேன், ஒரு வீட்டுக்காரங்க இன்னும் கார்லதான் கொண்டு வந்து விடுறாங்க, என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிறாங்க. பரவாயில்லை, அவங்களும் ஒருநாள் படத்தைப் பார்ப்பாங்க. கட்டைப் பிரிச்சுட்டாங்கன்னு கையை வெச்சு கனமா எதையும் தூக்காதே, வேளாவேளைக்குச் சாப்பிடு, காப்பியைச் சாப்பாட்டுக் கணக்குல சேர்க்காதே.

எல்லாச் சாலையும் உனக்கு நல்லபடியா விரியட்டும், உன் கையும் கண்ணும் மனசும் ஒண்ணா இருக்கட்டும், நீ நல்லா இருப்பே. ஒண்ணை மட்டும் மறந்துடாதே. அந்தப் பையனோட அக்கா நேத்து எனக்குப் போன் பண்ணினா. நீ அவனைப் பார்க்கப் போகவே இல்லையாமே, வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டதா நர்ஸ் சொன்னாங்களாம். போய்ப் பாருடி. அவன் இந்த வாரம் ஊன்றுகோலை வெச்சுக்கிட்டு நடந்து பழக ஆரம்பிக்கிறானாம், உனக்கு நன்றி சொல்லணும், ஆனா படுத்துக்கிட்டுச் சொல்ல மாட்டேன், நின்னுக்கிட்டுத்தான் சொல்லுவேன்னு ஒரே பிடிவாதமாம். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவோட மறு கோடியில போய் நில்லு. அவன் நடந்து வரட்டும்.

என்றும் உன்னை நினைச்சுக்கிட்டிருக்கிற,
அம்மா

(அப்பாவும் கையெழுத்துப் போடணும்னு பக்கத்துல நிக்கிறார், இடம் விட்டிருக்கேன்.)

அப்பா