தேடும் பிரிவை எங்கே வைப்பது

06.03.2001, வவுனியா
லக்ஷன் மச்சான் டென்மார்க்கிலிருந்து நான் வேலை செய்யும் தொலைத்தொடர்புக் கடைக்குப் போன் எடுத்தான். அவன் இணையத்தில் தொடங்கிய கருத்துக்களம் சந்தை மாதிரி ஆகிவிட்டதாம். கவிதைக்குக் கீழே கணவாய்க்கறி, அதற்குக் கீழே ஆரோ ஒருவரின் காணாமல் போன தம்பி. "நீ முழுநாளும் கொம்பியூட்டருக்கு முன்னாலைதானே இருக்கிறாய், ரூபி. பிரிச்சு அடுக்கித் தாவன்."
கடை முதலாளி நல்லதம்பி அண்ணையிடம் கேட்டேன். ஆட்கள் வராத மத்தியான நேரத்தில் செய்யலாம் என்றார். ஏன் இவ்வளவு சுகமாகச் சம்மதித்தார்?

09.03
ஊர்ப்புதினம், இலக்கியம், குசினிச் சமையல், கணினி உதவி என்று களத்தைப் பிரித்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் 'உறவுகளைத் தேடுதல்'. லக்ஷனுக்குக் கோபம். அதுதான் முதலில் வரவேண்டுமாம். "சனம் அதுக்குத்தானே வருது."
சனம் வரும். வேறு ஆரார் வருவார்கள்? பேர், ஊர், இப்போது இருக்கும் இடம் எல்லாம் எழுதி வைத்தால் வாசிக்கிறவன் ஆரென்று அவனுக்கென்ன தெரியும்? இங்கே ஆமியின் பாஸ் இல்லாமல் தெருவில் இறங்க ஏலாது.

14.03
'கரைவலை' என்ற புனைபெயரில் ஒரு பதிவு. "நாயாறு யோசெப், மனைவி றோசம்மா. வவுனியாவில் இருப்பதாகக் கேள்வி. தெரிந்தவர்கள் விலாசம் தரவும்."
பண்டாரிகுளத்தில் நான் அறை எடுத்திருக்கும் வளவின் பின்பக்கக் கொட்டிலில் இருப்பது அவர்கள்தான். யோசெப் அண்ணை சந்தையில் கருவாடு விற்கிறார். றோசம்மாக்காவும் நானும் ஒரே கிணற்றில் அள்ளுகிறோம்.
தான் ஆரென்று சொல்லாமல் விலாசம் மட்டும் கேட்கிற ஆள் —

15.03
பதில் எழுத முடியாதபடி பதிவைப் பூட்டினேன். தனிமடலில் கேட்டேன்: "நீங்கள் யார்? அவர்கள் உங்களுக்கு என்ன முறை?"

20.03
பதில் இல்லை. உண்மையான ஆள் என்றால் உடனே எழுதாதா?

22.03
வந்துவிட்டது. "முதலில் நீங்கள் யார்? எதற்கு விசாரிக்கிறீர்கள்?"
கெட்டித்தனம். களத்தின் நிர்வாகி என்று மட்டும் எழுதினேன்.

27.03
"நான் அவர்களின் மகள்."
பொய் பிடிபட்டது. வளவுக்கு வந்த புதிதில் றோசம்மாக்காவே என்னிடம் சொன்னவா, "எங்களுக்குப் பிள்ளையள் இல்லை, தங்கச்சி" என்று.
அழிக்கப்போகிறேன் என்று லக்ஷனுக்குச் சொன்னேன்.
"அழிக்காதை. அவையிட்டை ஒருக்காக் கேளன்."
"கேட்டு? ஆரோ உங்களைத் தேடுறாங்கள் எண்டு சொல்லி அதுகளின்ரை நித்திரையைக் கெடுக்கவோ?"
"நீ எல்லாரையும் சந்தேகப்படுறாய்."
ஓம். படுறன்.

02.04
ஆமியின் சுற்றிவளைப்பு. யோசெப் அண்ணையையும் ஏத்திக்கொண்டு போட்டாங்கள். றோசம்மாக்கா செபமாலையோடை படலையிலை நிக்கிறா. அந்தப் பதிவு வெளியிலை கிடக்கேக்கை ஆரார் வாசிச்சாங்கள்? நல்லதம்பி அண்ணை என்ரை தோளுக்குப் பின்னாலை நிண்டவரே? அண்டைக்கே ஏன் மறைக்கேல்லை நான்?

பிறகு — பொழுதுபட விட்டுவிட்டார்கள். ஒழுங்கையில் இருந்த ஆண்கள் எல்லோரையும் கொண்டுபோய் விசாரித்தார்களாம். அவரைத் தனியாக ஒன்றும் கேட்கவில்லையாம். பதிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அறிவு சொல்கிறது. மனம் கேட்கவில்லை.

03.04
தேடும் பிரிவை இரண்டாக உடைத்தேன். வெளியே பேரும் சொந்த ஊரும் மட்டும். இப்போது எங்கே என்ற கதை எல்லாம் நிர்வாகிகள் மட்டும் பார்க்கும் உள்பிரிவில். லக்ஷன் முறுமுறுத்துக்கொண்டே செய்து தந்தான். 'கரைவலை'யை உள்ளே தள்ளினேன்.
"என்ன ரூபி, நான் கிட்ட வந்தா ஸ்கிறீனை மாத்திறீர்?" என்று நல்லதம்பி அண்ணை கேட்டார். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. பாவமாகத்தான் இருந்தது. நாளைக்கும் மாற்றுவேன்.

23.04
'கரைவலை' மறுபடியும்: "அம்மாவின் இடது காதுச்சோணை கிழிந்திருக்கும். சின்ன வயதில் தோட்டைப் பிடித்து இழுத்தது நான். வேறு எப்படி நம்பவைப்பேன்?"
இவ்வளவு காலம் ஒரே கிணறு. அவவின் காதை நான் கண்டதில்லை. எப்போதும் சேலைத் தலைப்பால் மூடியிருப்பா.

24.04
கிழிந்துதான் இருக்கிறது. முழுகிவிட்டுத் தலை துவட்டும்போது கண்டேன். அதனால் என்ன? அந்தக் காதைக் கண்டவர்கள் நாயாற்றில் எத்தனை பேர் இருப்பார்கள்!
ஆனாலும் கேட்டேன்.
"அக்கா, காது என்னெண்டு கிழிஞ்சது?"
"பிள்ளை இழுத்தது."
"எந்தப் பிள்ளை?"
வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்தா. கயிற்றை விடவில்லை.
"றஞ்சனி. தொண்ணூறிலை என்ரை தங்கச்சியோடை தலைமன்னாராலை இந்தியாவுக்கு அனுப்பினனாங்கள். வள்ளம் கவிண்டிட்டுது. ஒருத்தரும் மிஞ்சேல்லை எண்டு வந்து சொன்னவை. இவர்தான் கையைப் பிடிச்சு ஏத்திவிட்டவர். அதுக்குப் பிறகு வீட்டிலை அவளின்ரை பேர் எடுக்கிறேல்லை."
"பிள்ளையள் இல்லை எண்டெல்லோ சொன்னனீங்கள்."
"வேறை என்னத்தைச் சொல்ல, தங்கச்சி?"
அப்போதும் விஷயத்தைச் சொல்லவில்லை. பொய்யாகிப் போனால்? அந்தப் பிள்ளையை இரண்டாம் முறையும் சாகக் கொடுப்பதா?

26.04
'கரைவலை'க்கு வள்ளத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. யாருடன் போனீர்கள், எங்கிருந்து, என்று மட்டும் கேட்டேன். எல்லாம் எழுதியிருக்கிறாள். சின்னம்மா கண்முன்னாலேயே கடலில் தாண்டுபோனதை. ராமேஸ்வரத்து மீனவர் தன்னைத் தூக்கியதை. அகதி முகாமிலிருந்து நாயாற்றுக்கு எழுதிய கடிதங்கள் எதற்கும் பதில் வராததை. இப்போது பாரிஸில் இருக்கிறாளாம். "இயக்கமோ ஆமியோ என்று தெரியாமல் உங்களுக்குப் பேரைச் சொல்லப் பயந்தேன்" என்கிறாள்.
என்னையா!
றோசம்மாக்காவிடம் சொல்லிவிட்டேன்.

29.04
றஞ்சனியைக் கடைக்குப் போன் எடுக்கச் சொல்லியிருந்தேன். யோசெப் அண்ணை வர மறுத்துவிட்டார். ஆரோ ஏமாற்றப் பார்க்கிறார்களாம். றோசம்மாக்கா மட்டும் வந்தா. றிசீவரைக் காதில் வைத்தா. அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் எனக்கே கேட்டது.
"அழாமல் கதையடி. அழுகையை வைச்சு நான் உன்னை என்னெண்டு கண்டுபிடிக்கிறது?"
என்ன சொன்னாளோ தெரியாது. றோசம்மாக்கா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. நல்லதம்பி அண்ணை கடைக் கதவைச் சாத்திவிட்டு வெளியில் போய் நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

30.04
'உறவுகளைத் தேடுதல்' இப்போது எல்லாவற்றுக்கும் மேலே. உள்பிரிவின் பூட்டு பூட்டுத்தான்.

07.05
யோசெப் அண்ணை தனியே வந்தார். "அவள்தான் எண்டு மனிசி சொல்லுறா. நான் நம்பேல்லை. என்ன எழுதுறாள் எண்டு வாசியும் பாப்பம்."
வாசித்தேன். கதிரைக் கைப்பிடியை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "இன்னொருக்கா" என்றார். பிறகு, "மற்ற ஆக்களின்ரையும் வாசியும்."
வெளிப்பிரிவில் இருந்ததை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒரு பேரில் கையை உயர்த்தினார்.
"முள்ளியவளை வீரகத்தியோ? எங்களிட்டை மீன் வாங்கிறவர். போன வருஷம் மடு முகாமிலை கண்டனான். எழுதிவிடும்."
என் விரல் அப்படியே நின்றது. "தேடுறது ஆரெண்டு முதலிலை கேக்கவேணும், அண்ணை."
யோசெப் அண்ணை கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார்.
"ஓம், கேளும். வடிவாய்க் கேளும். நான் இருக்கிறன்."