நீ மண் கொட்டிய பாதை

அக்கா,

இன்று காலை பால் வாங்கப் போனபோது தெருமுனையில் பிளீச்சிங் பவுடர் வாசம் அடித்தது. தெருவின் இரண்டு ஓரமும் வெள்ளைக் கோடு இழுத்திருந்தார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் ஏதோ காய்ச்சல் பரவுகிறது என்று நினைப்பார்கள். ஆபீசிலிருந்து யாரோ வருகிறார்கள் என்பது நமக்குத்தான் தெரியும். எனக்கு முதலில் உன் ஞாபகம் வந்தது. வருகிறவர் யார் என்ற யோசனை பிறகுதான் வந்தது.

சுடுகாட்டுப் பாதையைப் பார்க்கத்தான் மறுபடியும் வருகிறார்கள். நீ போன பிறகு இது இரண்டாவது மழைக்காலம்.

உன் மாமனாரை எடுத்துப் போன அந்த ஐப்பசியில் நாம் எல்லோரும் தெருமுனையில் நின்றோம். சாவு ஊர்வலத்தில் பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. ஏரி நிரம்பினால் வாய்க்கால் ஓரம் முழுக்க முட்டியளவு தண்ணீர் நிற்கும், எங்கே பாதை, எங்கே வாய்க்கால் என்று தெரியாது. வளைவில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உன் வீட்டுக்காரர் மாமாதான் தோளைக் கொடுத்து நிமிர்த்தினார். சாயங்காலம் தலைக்குக் குளித்த ஈரத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாய்.

"செத்தவரு ஒருவாட்டி செத்தாப் போதும்டி. சேத்துல வுயுந்து இன்னொருவாட்டி சாவ வாணாம். நீ எயுதிக் குடு, நான் நடக்கறேன்."

இப்படிப்பட்ட பாதைகளுக்கு அரசு நிதி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. உத்திரமேரூரில் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் விண்ணப்பம் போடுகிறவள் நான். நூறு நாள் வேலை இல்லாத நாட்களில் நீ என்னோடு பஸ் ஏறுவாய். நான் ஜன்னலோரம் புத்தகம் படித்துக்கொண்டு வருவேன். "இன்னா படிப்ஸ், கதையில இன்னா ஆச்சு?" என்று திருப்புலிவனம் தாண்டும்போது கேட்பாய். நான் சொல்லி முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும்.

முதல் தடவை ஒன்றிய ஆபீசுக்குப் போனபோது, "இந்த வருஷ ஒதுக்கீடு முடிஞ்சிடுச்சு, மார்ச் கழிச்சு வாங்க" என்றார்கள். மார்ச் கழித்துப் போனோம். மேலேயிருந்து இன்னும் ஆர்டர் வரவில்லை என்றார்கள். வெளியே டீக்கடையில் கண்ணாடி டம்ளரை ஆற்றிக்கொண்டே நீ சொன்னாய்: "இவுங்க பணத்துக்கு வருசத்துல ஒரு மாசந்தான் உசுரு இருக்கும் போல கீது. அந்த மாசம் எதுன்னு மட்டும் சொல்ல மாட்றாங்க."

ஒரு குமாஸ்தா உன்னைக் கேட்டார், "சுடுகாட்டுப் பாதைக்குப் பொம்பளைங்க ஏம்மா அலையறீங்க? ஆம்பளைங்கள அனுப்புங்க."

"சார், நாங்க அந்தப் பக்கம் ஒரே வாட்டிதான் போவோம். அதுவும் படுத்துக்கினு. அன்னிக்கு எயுந்து வந்து உங்களாண்ட மனு குடுக்க முடியுமா?"

அந்த அறையே சிரித்தது. அன்றைக்குத்தான் நம் மனுவில் முத்திரை விழுந்தது.

நிதி கேட்பதற்கென்று ஒரு மொழி இருக்கிறது. குறையைப் பெரிதாக, ஆனால் பணிவாகச் சொல்ல வேண்டும். "மிகவும் மோசமான நிலையில் உள்ளதால்", "பொதுமக்கள் பெரிதும் அவதியுறுவதால்" என்றெல்லாம் நான் எழுதினேன். நீ படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாய். "பிச்ச கேக்குற மாதிரி கீது" என்றாய். அப்போதே நான் உன்னைப் புரிந்துகொண்டிருந்தால் பின்னால் நடந்ததற்கு அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன்.

அடுத்த கார்த்திகையில் அதிகாரி பார்வையிட வருவதாகச் சேதி வந்தது. மையத்தில் சொல்லிவிட்டு நான் பதினோரு மணிக்குத் திரும்பி வந்தேன். தண்ணீர் நின்ற இடத்தில் பாதை இருந்தது. நீயும் உன்னோடு நூறு நாள் வேலை செய்கிற பெண்களும் விடியலிலிருந்து மண் சுமந்திருந்தீர்கள். வளைவில் செங்கல் துண்டு போட்டு, மேலே மண் கொட்டி, காலால் மிதித்துக் கெட்டியாக்கியிருந்தீர்கள். தலையில் சும்மாட்டோடு நீ சிரித்தாய்.

"என்னக்கா பண்ணிட்ட?"

"இன்னா பண்ணிட்டேன்? அந்தாளு ஷூ போட்டுக்கினு வருவாரு. நம்ம தெருவுக்கு வரவரு முட்டி வரைக்கும் சேத்தோட திரும்பிப் போவணுமா? அசிங்கமா இல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் ஜீப் வந்துவிட்டது. அவர் கடைசி வரை நடந்து போய்த் திரும்பினார். ஷூவில் ஒரு பொட்டுச் சேறில்லை. நீ கொடுத்த சோடாவைக் குடித்தார். "நல்லாத்தானம்மா இருக்கு. எதுக்கு மனு?" என்றார்.

"இன்னைக்குக் காலையிலதான் சார் போட்டாங்க" என்றேன்.

"ஒரு காலையில போட முடிஞ்சா கவர்மென்ட் எதுக்கும்மா?"

கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. பாதை பயன்பாட்டில் இருப்பதால் நிதி தேவையில்லை என்று எழுதிவிட்டார். அந்தச் செய்தி வந்த அன்று நீ வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்திருந்தாய். "நல்லா வேல செஞ்சது தப்பாப் பூட்ச்சாடி?" என்று கேட்டாய்.

பங்குனியில் உனக்கு நெஞ்சு வலி வந்தது. செங்கல்பட்டு போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. "புண்ணியவதி, காஞ்ச நாள்ல போனா" என்று சாவு வீட்டில் பேசிக்கொண்டார்கள். நம் தெருவில் எந்த மாதம் சாகிறோம் என்பதும் ஒரு கொடுப்பினை. நான் தெருமுனையில் நின்று பார்த்தேன். நீ கொட்டிய மண் காய்ந்து இறுகியிருந்தது. வளைவில் பாடை சாயவில்லை. நீ நேராகப் போனாய்.

அடுத்த ஐப்பசியில் அந்த மண் கரைந்தது. நான் மறுபடி மனு எழுதினேன், அதே வார்த்தைகளில்.

இன்று காலை நான் பாலோடு திரும்பியபோது கன்னியம்மா வாசலில் நின்றிருந்தாள். உன்னோடு மண் சுமந்த அதே கன்னியம்மா. பின்னால் மற்றவர்கள், கையில் மண்வெட்டியும் கூடையும்.

"இன்னா படிப்ஸ், கொட்டலாமா வாணாமா?"

"வேணாம் பெரிம்மா. இருக்கறபடியே பாக்கட்டும்."

"அவ இருந்தா வுட்டிருப்பாளா?"

"விட்டிருக்க மாட்டா. அதனாலதான் சொல்றேன்."

கூடைகளைக் கவிழ்த்து வைத்தார்கள். ஆனால் ஒருத்தரும் உட்காரவில்லை. விருந்தாளி வரும் நேரத்தில் வாசல் பெருக்காமல் கிடப்பதுபோல் தவித்தார்கள்.

இந்த முறை வந்தது ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். தண்ணீர் ஓரம் வந்து ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கன்னியம்மாவுக்குத் தாங்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிக் கையை நீட்டினாள். "ஷூவ கயட்டிட்டு வா தாயி. என் கையப் புடிச்சிக்க."

அவர் கழற்றினார். இறங்கினார். வளைவில் அவருக்கும் கால் வழுக்கியது. கன்னியம்மா பிடியை விடவில்லை.

"இங்கதாம்மா அவ மாமனாரு பாடை சாஞ்சிது."

"யாரோட மாமனாரு?"

"இந்தப் பாதைய கேட்டவளோட."

அவர் போனில் படம் எடுத்துக்கொண்டார். திரும்பி வந்ததும் கன்னியம்மா குடத்துத் தண்ணீரை அவர் காலில் ஊற்றினாள், விடாப்பிடியாக. "நான் எழுதி அனுப்பறேன். மார்ச்சுக்குள்ள வருமான்னு சொல்ல முடியாது" என்றார். பொய் சொல்லவில்லை என்பதற்காக எனக்கு அவரைப் பிடித்தது.

ஜீப் தார் ரோட்டில் ஏறியதும் கன்னியம்மா மண்வெட்டியை எடுத்தாள்.

"அதான் பாத்துட்டுப் போயிட்டாங்களே, இன்னும் எதுக்குப் பெரிம்மா?"

"பணம் வர வரைக்கும் யாரும் சாவ மாட்டோம்னு எயுதிக் குடுத்துக்கீறோமா?"

நான் மையத்துக்கு லீவு சொன்னேன். கன்னியம்மா துண்டைச் சுருட்டி என் தலையில் சும்மாடு வைத்தாள். கீழே பார்த்துப் பார்த்து நடந்து பாதி மண்ணை வழியிலேயே கொட்டினேன். "குனியாதடி, நேரா பாரு. அவ எப்டி நடப்பா, பாத்ததில்ல?" என்று பின்னாலிருந்து அதட்டினாள்.

பார்த்திருக்கிறேன் அக்கா. அந்தக் கழுத்து இவ்வளவு வலித்திருக்கும் என்று மட்டும் தெரியவில்லை. இதை எழுதும்போது எனக்குப் பின்கழுத்து நிமிரவில்லை, நகக்கண்ணில் மண் போகவில்லை.

வளைவு வரைக்கும் கொட்டிவிட்டோம். மீதி நாளைக்கு.