வாலில் வைத்த பத்தி

மார்ச் 4, செவ்வாய்

மச்சினன் சர்க்கரை மாத்திரையை நிறுத்தி இன்றோடு ஆறு நாள். தகவல்: என் மனைவி. உறுதி செய்தவர்: மச்சினனின் மனைவி, தொலைபேசியில், அழுகைக்கு நடுவே. காரணம்: நான்.

போன வாரம் எங்கள் பத்திரிகையில் வந்த என் கட்டுரைதான். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஐம்பத்தெட்டுத் தலைமுறையாகச் சுண்டெலிகளை இரண்டு வம்சமாக வளர்க்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் குண்டானதைக் குண்டானதோடு சேர்ப்பார்கள், ஒல்லியானதை ஒல்லியானதோடு. ஒரே அறை, ஒரே தீனி. இன்று ஒரு வம்சம் அறுபது கிராம், மற்றது இருபத்தைந்து. உடல் பருமனிலும் சர்க்கரை நோயிலும் பிறப்பின் பங்கு எவ்வளவு என்று பார்க்கத்தான் இவ்வளவு பாடு. அதைத்தான் எழுதினேன். தலைப்பு துணையாசிரியரின் கைவண்ணம்: ‘கொழுப்பு பரம்பரைச் சொத்து’.

மனைவி மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பேசினாள். “எங்க வீட்டாளுங்களுக்குக் கொழுப்புன்னு பேப்பர்லயே போட்டாச்சு. இனிமே வாயால வேற சொல்லணுமா?”

அவள் தம்பியோ அதை விடுதலைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டான். நூற்றெட்டுக் கிலோ. பரம்பரை என்றால் மாத்திரை எதற்கு, நடை எதற்கு? கட்டுரையைச் சட்டம் போட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறானாம்.

மார்ச் 5

நேரில் போனேன். சட்டம் உண்மை. என் பெயருக்கு அடியில் சிவப்புக் கோடு வேறு.

“இந்த வீட்ல எனக்காக நியாயம் பேசின ஒரே ஆள் நீங்கதான் அத்தான்” என்றான்.

அவன் மனைவி சமையலறைக்குக் கூப்பிட்டு மருத்துவ அட்டையைக் காட்டினாள். மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரி ஒன்பது புள்ளி ஆறு; ஏழுக்குள் இருக்க வேண்டியது. கீழே, வலது கண்ணின் விழித்திரையில் லேசான ரத்தக் கசிவு என்று இருக்கிறது. கண் கெட்டால் என்ன ஆகும்? அவன் பேருந்து ஓட்டுகிறவன்.

மார்ச் 7

பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். ஆய்வுக்கூடப் பேராசிரியை சொன்னது என் கையெழுத்தில்: “குண்டு வம்சத்தைச் சக்கரத்தில் ஓடவிட்டோம். எடை இறங்கவில்லை, ரத்தச் சர்க்கரை இறங்கியது. பிறப்பு பாதிக் கதைதான்.” அச்சில் இது இல்லை.

துணையாசிரியரை ஒரு பிடி பிடிக்கலாம் என்று போனேன். அவர் என் பிரதியை எடுத்து நீட்டினார். இருந்தது — கடைசிப் பத்தியாக. இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவது வால். முப்பத்தொரு வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம். எலியைப் பற்றி எழுதும்போதாவது வால் ஞாபகம் வந்திருக்க வேண்டாமா?

மார்ச் 9, ஞாயிறு

திருத்தம் வந்துவிட்டது. ஏழாம் பக்கம், நாலு வரி. எடுத்துக்கொண்டு போய் மச்சினனுக்குப் படித்துக் காட்டினேன்.

“மொதல்ல அரைப் பக்கம் போட்டீங்க. இப்ப நாலு வரி. எது பெரிசு அத்தான்?”

பத்திரிகைத் தொழிலைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

மார்ச் 10

மாத்திரை: இல்லை. பன்னிரண்டாம் நாள்.

மார்ச் 13, வியாழன்

உன் வம்சத்தை நேரில் பார் என்று சீண்டி, அவனை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். கொடுத்த வெள்ளை அங்கியில் பொத்தான் எட்டவில்லை. கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா வேறொன்று தேடி எடுத்து வந்தார், முதுகில் நாடா கட்டுவது.

அவரே ஒரு கூண்டைக் காட்டினார். உள்ளே உருண்டையாக ஒன்று சக்கரத்தில் இருந்தது. “இவருக்கு ஓட்டம்னா வேப்பங்காய்ங்க. ஓடுவார், நிப்பார், நம்மளை ஒரு மொறை மொறைப்பார். அப்புறம் ஓடுவார்.”

அதைத் தராசில் வைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, திரும்பக் கூண்டில் விட்டார். மச்சினன் குனிந்தவன் நிமிரவில்லை. பேராசிரியை வந்ததும் அவனாகவே கேட்டான்.

“எடை?”

“ஆறு வாரமா அப்படியேதான் இருக்கு.”

“சர்க்கரை?”

“நல்லாக் கொறைஞ்சிருக்கு.”

“மாத்திரை இல்லாமயா?”

“எழுதித் தர அவருக்கு டாக்டர் இல்லீங்க. உங்களுக்கு இருக்கார்.”

திரும்பும்போது வண்டியில், “அங்க எடை போடறப்ப யாரும் உச்சுக் கொட்டல அத்தான்” என்றான்.

விசாரித்தேன். மெல்லச் சொன்னான். மருத்துவமனையில் எடை இயந்திரத்தில் ஏற்றி எண்ணைச் சத்தமாகப் படிப்பார்களாம். வரிசையே திரும்பிப் பார்க்குமாம். எவ்வளவு நடந்தும் அந்த எண் அசையவில்லை, ஆகவே எல்லாம் வீண் என்று அவனாக முடிவு கட்டியிருக்கிறான். என் கட்டுரை அவனுக்குக் கிடைத்த சாக்கு, அவ்வளவுதான். ஊரையெல்லாம் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான். இவனை ஏன்டா நிறுத்தினே என்று ஒரு வார்த்தை கேட்டேனா?

மார்ச் 14

“மாத்திரை போட்டுட்டார் அண்ணா.” தகவல்: மச்சினனின் மனைவி. இரண்டாவது ஆதாரம் தேடவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

பணி முடிந்ததும் பேருந்துப் பணிமனையை நாலு சுற்று நடக்கிறான். இன்று நானும் போனேன். மூன்றாம் சுற்றில் நின்றவன் நான். முறைத்தவன் அவன்.

ஜூன் 17, செவ்வாய்

மருத்துவமனை. செவிலியர் அவனை எடை இயந்திரத்தில் ஏற்றி, “நூத்தியேழு” என்றார். வரிசை முழுக்கக் கேட்டது. முன்னால் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

மச்சினன் அவருக்கு ஒரு வணக்கம் வைத்தான். பிறகு செவிலியரிடம், “எழுதிக்கிட்டீங்களா? அது அங்கயே இருக்கட்டும். ரத்தம் எங்க எடுக்கறீங்க?” என்று கேட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டே உள்ளே போனான்.

மூன்று மாதச் சராசரி நாளை மறுநாள் மாலை நாலு மணிக்கு வரும் என்கிறார்கள். கண் பரிசோதனை திங்கட்கிழமை.