கொல்லைக்கு நடுவே ஒரு மரத்தட்டி

மார்ச் 4

தம்பிக்கு,

நேரில் வந்தால் கத்திவிடுவேன். அதனால் எழுதி, உன் தையல் கடைக் கதவிடுக்கில் செருகுகிறேன்.

நான் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் நம் இரண்டு கொல்லைக்கும் நடுவே மரத்தட்டி அடித்து நிறுத்தியிருக்கிறாய். கொடி படரவாம், அழகுக்காம்! உன் வீட்டுக்காரி சொன்னாள். என் வகுப்பில் ஒரு பையன் வழியில் பெஞ்சைக் குறுக்கே போட்டு, அதன்மேல் பூச்சாடியும் வைத்தால் அதற்குப் பேர் அலங்காரமா?

அதுவும் போகட்டும். வளைவும் பூவேலையும் வர்ணமும் உன் பக்கம். குறுக்குச் சட்டமும் ஆணி முனையும் என் பக்கம். துணிக்கு நல்ல பக்கம் எது, உள்பக்கம் எது என்று தெரிந்த தையல்காரன் செய்கிற வேலையா இது? காயப்போட்ட போர்வை கிழிந்துவிட்டது.

அக்கா

மார்ச் 5

அக்காவுக்கு,

ஆணி விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். மரத்தின் கனம் பார்க்காமல் நீளமான ஆணியாக வாங்கிவிட்டேன். போர்வையைக் கொடுத்தனுப்பு, தையல் போட்ட இடம் தெரியாதபடி தைத்துத் தருகிறேன். மற்றதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஏன் அடைத்தேன் என்று நீ கேட்கவே இல்லை. போன மாதம் கடையில் ஒருவர், நான் தைத்த கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ கொல்லை வழியே நுழைந்து, "டேய், காலர் கோணலா இருக்கு பாரு. சின்ன வயசுலேருந்தே இவனுக்குக் கோடு நேரா வராதுங்க" என்று சிரித்தாய். அவரும் சிரித்தார். கழற்றி வைத்துவிட்டுப் போனவர் இன்னும் வரவில்லை. எனக்குத் தலை நரைத்துவிட்டது, அக்கா. நான் உன் வகுப்பில் இல்லை.

இனி வாசல் வழியே வா. எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள்.

தம்பி

மார்ச் 8

தம்பிக்கு,

'எல்லோரும்' என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

காலர் கோணல்தான். ஆனால் அதை அவர் போன பிறகு சொல்லியிருக்க வேண்டும். ஒரு பிள்ளையின் பரீட்சைத் தாளில் இருக்கும் தவறை ஊர் பார்க்கக் கரும்பலகையில் நான் எழுதியதில்லை. உனக்கு மட்டும் எழுதிவிட்டேன்.

அதற்காக வழியை அடைப்பாயா? அங்கேயே "வெளிய போ" என்று கத்தியிருக்கலாமே! நான் ஊரில் இல்லாத நாள் பார்த்து ஆணி அடித்தது கோழைத்தனம்.

இன்று தச்சரைக் கூட்டி வந்தேன். "இதை யாரும்மா அடிச்சது? ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு அளவுல இருக்கு!" என்றார். எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. "என் தம்பி அடிச்சது. அப்படித்தான் இருக்கும், நீங்க வேலையைப் பாருங்க" என்று அதட்டிவிட்டேன்.

தட்டியை நடுவில் அறுத்து, கீல் வைத்துக் கதவாக்கியிருக்கிறார். உன்னைக் கேட்கவில்லை. நீ என்னைக் கேட்டா அடித்தாய்?

கொக்கியை உன் பக்கம் போடச் சொன்னேன். இனி வெளியே நின்று கூப்பிடுவேன். நீ திறந்தால்தான் உள்ளே வருவேன்.

திறக்காமல் இருந்து பார், தெரியும்!

அக்கா