செயலாளர் மூலமாக மட்டும்

பழவேற்காடு
4-3-1982

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை கைருனின் சலாம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். எனக்கென்ன, இருக்கிறேன். லைட்ஹவுஸ் குப்பம் தனக்கோடி கையில் கொடுத்தனுப்பிய இறால் கருவாடு வந்து சேர்ந்ததா?

போன பக்ரீதுக்கு சம்சு பம்பாயிலிருந்து போட்ட கடிதம்தான் கடைசி. துபாய் விசா வந்துவிடும் என்று ஏஜெண்ட் சொன்னதாக எழுதியிருந்தான். அப்புறம் ஒரு வரி இல்லை. அவன் கொடுத்த லாட்ஜ் முகவரிக்கு நான் போட்டதெல்லாம் திரும்பி வந்துவிட்டது. அவன் அத்தா மவுத்தான பிறகு எனக்கென்று இருப்பது அவன் ஒருத்தன்தான். சோறு இறங்கவில்லை அண்ணே.

பம்பாயில் மட்டும் நம்மூர்க்காரர்கள் பதினொரு பேர் உங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள் என்று மீலாது விழாவில் நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள். அவர்கள் முகவரியை எழுதி அனுப்புங்கள். "என் பிள்ளையைக் கண்டால் சொல்லுங்கள்" என்று ஆளுக்கொரு கார்டு போடுகிறேன். யாரிடமும் காலணா கேட்க மாட்டேன்.

உங்கள் பதிலுக்குத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
கைருன்


பழவேற்காட்டார் நல்வாழ்வுச் சங்கம்
மண்ணடி, சென்னை-1
15-3-1982

அன்புத் தங்கை கைருனுக்கு,

அண்ணன் கௌஸ் மைதீனின் சலாம். கருவாடு வந்தது. உன் அண்ணி அன்றைக்கே குழம்பு வைத்துவிட்டாள். சம்சுவை நினைத்து எனக்கும் கவலைதான். இந்த வயதுப் பையன்கள் கடிதம் போடச் சோம்பல்படுவார்கள். பயப்படாதே.

முகவரி விஷயம். முன்பு ஒருவன் நம் பட்டியலை எப்படியோ பிடித்து, மகள் கல்யாணம் என்று வீடு வீடாகப் போய் உறுப்பினர்களைப் படுத்திவிட்டான். நம்மூர்க்காரனே இல்லை அவன். பாதிப் பேர் விலகுவதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நானே எழுதி நிறைவேற்றிய விதி இது: உறுப்பினர் முகவரி யாருக்கும் தரப்படாது. எந்த வேண்டுகோளானாலும் எழுத்து மூலம் செயலாளருக்கு வர வேண்டும். கமிட்டி ஒப்புக்கொண்டால் சுற்றறிக்கையில் போடுவோம். நேரில் போய் நிற்கிறவர்களை உறுப்பினர்களும் உபசரிக்கக் கூடாது, செயலாளருக்கு எழுதச் சொல்லி அனுப்பிவிட வேண்டும்.

தங்கைக்காக நானே மீறினால் நாளை எந்த முகத்தோடு மற்றவனைத் தடுப்பேன்? ஒரு விண்ணப்பம் எழுதி அனுப்பு. கமிட்டியில் வைக்கிறேன்.

உன் அண்ணன்,
கௌஸ் மைதீன்


பழவேற்காடு
22-3-1982

அன்புள்ள அண்ணனுக்கு,

கேட்டபடி விண்ணப்பம் இதோடு இருக்கிறது. கூடப் பிறந்தவரை "மதிப்பிற்குரிய ஐயா" என்று எழுதக் கை வரவில்லை, எழுதிவிட்டேன். ஓலைப் பெட்டி முடைந்துகொண்டே தனக்கோடியிடம் சொன்னேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கத்தினாள்: "இன்னாம்மா அக்கிரமம் இது! அண்ணங்காரன்கிட்டயே மனு குடுக்கணுமா? எங்க குப்பத்துல கடலுக்குப் போன படகு வரலேன்னா, வலைய அப்படியே போட்டுட்டு மொத்த ஊரும் ஓடும். எந்த கமிட்டியைக் கேக்கறாங்க?"

நான் அவளை அடக்கினேன். என் அண்ணன் செய்வார் என்று சொன்னேன்.

அடையாளம் என்ற இடத்தில் "இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு" என்று எழுதியிருக்கிறேன். உங்களுக்குத் தெரியாததா? படகு விளிம்பில் அவன் விழுந்த அன்று, நீங்கள்தானே அவனைத் தூக்கிக்கொண்டு பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினீர்கள். உங்கள் வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம்.

சீக்கிரம் செய்யுங்கள் அண்ணே.

கைருன்


சென்னை-1
14-6-1982

தங்கை கைருனுக்கு,

சலாம். ஏப்ரல் கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை. போன வாரம்தான் உன் விண்ணப்பம் எடுக்கப்பட்டது. சொந்த விஷயங்களுக்குச் சுற்றறிக்கையில் இடம் கொடுத்தால் நாளைக்கு ஆளுக்கொன்று கொண்டுவருவார்கள் என்று கமிட்டி கருதுகிறது. நானும் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. வருத்தப்படாதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாதம் சங்கப் பொதுக்கூட்டத்தன்று நீ இங்கே வந்து, மண்டப வாசலில் நின்று, வருகிறவர்களை எல்லாம் மறித்து "நீங்க பம்பாயா, நீங்க பம்பாயா" என்று கேட்டாயே, அது சரியா? தொண்டர்கள் உன்னை விலக்கியபோது நான் பார்த்தும் உள்ளே போய்விட்டேன். வேறென்ன செய்ய? தலைவர் என் பக்கத்தில் இருந்தார். செயலாளரின் தங்கை இப்படி நிற்கலாமா என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். எனக்குத் தலை குனிவாகிவிட்டது.

நோன்பு வருகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

கௌஸ் மைதீன்


பழவேற்காடு
6-10-1982

அண்ணனுக்கு,

உங்கள் பம்பாய் உறுப்பினர் ஜலீல் பாய் பக்ரீதுக்கு வந்திருக்கிறார். டோங்கிரியில் டீக்கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். உங்கள் விதி எங்கள் தெருவில் செல்லாது. நேராக அவர் வீட்டுக்கே போனேன். சம்சுவின் போட்டோவைக் கையில் கொடுத்தேன். பார்த்ததும் என்னை உட்காரச் சொன்னார். அப்புறம் அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன்.

"மே மாசம் இந்தப் பையன் என் கடைக்கு வந்தான்க்கா. புருவத்துல வெட்டு இருந்தது. காய்ச்சல்ல நடுங்கினு இருந்தான். நான் பழவேற்காடு பாய், நாலு நாள் படுக்க இடம் குடுங்கன்னான். நேரா வர்றவங்கள செயலாளருக்கு எழுதச் சொல்லணும்னு சர்குலர் வந்துச்சே, அதான் சொன்னேன். செயலாளர் எங்க மாமாதான்னு சொன்னான். இப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க, போப்பான்னேன். சிரிச்சான். போயிட்டான்."

பேர் கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லையாம். தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் கீழ்ப்படிந்தவர். தன் கடை ஆட்களுக்குத் தந்தி கொடுத்து ஆஸ்பத்திரி, லாட்ஜ் எல்லாம் தேடச் சொன்னார். ஒரு தடயமும் இல்லை.

மார்ச்சில் நான் முகவரி கேட்டேன். என் கார்டு ஒன்று ஜலீல் பாய் கடைக்குப் போயிருந்தால், மே மாதம் என் பிள்ளை அங்கே போர்வைக்குள் படுத்திருப்பான். இதைப் படித்துவிட்டு உங்களால் தூங்க முடிந்தால் தூங்குங்கள்.

கைருன்


சென்னை-1
13-10-1982

என் உயிர்த் தங்கை கைருனுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உன் கடிதத்தை அண்ணி படித்துவிட்டு என்னோடு பேசுவதில்லை. பம்பாய் முகவரிகள் எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். விதியை மீறித்தான் அனுப்புகிறேன். நான் கொடுத்தேன் என்று மட்டும் வெளியே சொல்லாதே.

சம்சுவைத் தேட நானே பம்பாய் போகிறேன். அதற்கு முன் இருபத்திரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் உன்னைப் பார்க்க வருகிறேன். என்னைத் திட்டு, அடி. முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளாதே.

உன் பாவி அண்ணன்,
கௌஸ் மைதீன்


பழவேற்காடு
3-11-1982

செயலாளர் அவர்களுக்கு,

முகவரிகள் வந்தன. எல்லாருக்கும் எழுதினேன். ஒன்பது பேர் பதில் போட்டுவிட்டார்கள். இருவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தேடுகிறார்கள். ஒன்பது கடிதத்திலும் ஒரே கேள்வி: முன்னமே ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா அக்கா?

வெள்ளிக்கிழமை நீங்கள் வந்து வாசலில் வெகுநேரம் நின்றீர்கள். நான் உள்ளேதான் இருந்தேன். உங்கள் குரல் கேட்டது. இந்த வீட்டிலும் இப்போது ஒரு விதி உண்டு. நேரில் வருகிறவர்களை உபசரிப்பதில்லை. சொல்ல வேண்டியதை ஜமாத்துக்கு எழுதுங்கள். அவர்கள் கூடிப் பேசி, எனக்குச் சொல்லத் தக்கது என்றால் சொல்வார்கள்.

பம்பாய் போனால் போய் வாருங்கள். அவன் கிடைத்தால் அவனே எனக்கு எழுதட்டும்.

சம்சுவுக்கு மட்டும் விதி கிடையாது. அவன் எந்த நேரத்தில் வந்தாலும் வரட்டும் என்று கதவுக்குத் தாழ் போடுவதில்லை. திறந்துதானே இருக்கிறது என்று நீங்கள் நுழைந்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
கைருன் பீவி,
சம்சுதீனின் தாய்