அரைக் கிலோ மின்

ஜூன் 3, செவ்வாய்

இன்று மருந்துக்கடைக்கு ஒரு சீட்டு வந்தது. டாக்டர் எழுதியதா, கோழி கிளறியதா என்றே தெரியவில்லை. முதலாளி கையை விரித்துவிட்டார். நான் ஒரே பார்வையில் சொன்னேன்: இருமல் மருந்து, மூன்று வேளை. இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு. சுற்று வட்டாரத்து டாக்டர்களின் கையெழுத்தெல்லாம் எனக்கு அத்துப்படி. என் தலையெழுத்துதான் பிடிபடவில்லை.

சாயங்காலம் ஒரே காற்று. கொல்லைப்பக்கத்து மரம் ஆடுகிற ஆட்டம் சரியில்லை என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "விடு, அது அப்படித்தான் ஆடும்" என்றார். இவருக்கு எதற்கெடுத்தாலும் விடு. பஸ் ஓட்டுகிறவர். ஸ்டியரிங்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடுவார்.

ஜூன் 4

மரம் வந்துவிட்டது. படுக்கையறைக்கு.

ஜூன் 5

நேற்று அதற்குமேல் எழுதக் கை வரவில்லை.

பகலில் விழுந்ததால் பிழைத்தோம், இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தோம். ஓடு, சட்டம், கிளை எல்லாம் கட்டில்மேல். என் தலையணையில் ஒரு காக்கைக்கூடு. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "காக்காகிட்ட அட்வான்ஸ் கேட்கலாமா?" என்றார். சிரித்தேன். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. அந்த அறைக்கு ஓடு போட்டபோது ஆளுக்கொரு ஏணியில் நின்று நாங்களும் எடுத்துக் கொடுத்தோம். யாரோ கட்டிக் கொடுத்த வீடு இல்லை இது.

நல்லவேளை, இன்சூரன்ஸ் இருக்கிறது. அக்கா வீட்டுக்காரர்தான் புரோக்கர். வருஷா வருஷம் அவரே புதுப்பித்துவிடுவார், படிவம்கூட அவரிடம்தான் இருக்கும். அத்தானுக்கு போன் போட்டுச் சொன்னேன். "பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

ஜூன் 6

இன்சூரன்ஸ் இல்லை.

மார்ச் மாதத்தோடு காலாவதியாம். காலாவதி! நாள் முழுக்க ஊரார் மாத்திரைக்குத் தேதி பார்க்கிறவள் நான். என் வீட்டுக்குப் பார்க்கவில்லையே. சொந்தக்காரரிடம் தாளைக் காட்டுங்கள் என்று கேட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று சும்மா இருந்தேன். எனக்கு வேண்டும், நன்றாக வேண்டும்.

அத்தான் சொல்கிறார்: "நீதானேம்மா சொன்னே? வண்டிக்கு மட்டும் போடுங்க, வீட்டை விட்டுடுங்கன்னு."

நான் எங்கே சொன்னேன்? "வண்டிக்கு இன்னிக்கே போட்டுடுங்க, அடுத்தது வீடு" என்றுதான் சொன்னேன். சொன்னேனா? சொன்னேன்.

ஜூன் 8, ஞாயிறு

அக்கா வீட்டில் பஞ்சாயத்து. அத்தான் செங்கல் கனத்துக்கு ஒரு டைரியைக் கொண்டுவந்து மார்ச் மாதத்தைப் பிரித்து விரலை வைத்தார்.

மச்சினி – வண்டி போட்டாச்சு. விடு.

"எழுத்துல இருக்கு பாரு" என்றார், கோர்ட்டில் ஜெயித்த முகத்தோடு.

தப்பு அவருடையது என்றால் வழி இருக்கிறது. புரோக்கர் பண்ணுகிற தப்புக்கென்றே அவர் தனியாக ஒரு இன்சூரன்ஸ் வைத்திருக்கிறார். அதை வைத்து எங்கள் கூரையைப் போட்டுவிடலாம். ஆனால் "தப்பு என்னுடையது" என்று அவர் கைப்பட எழுதித் தர வேண்டும். அந்த மனுஷனா? தன் கல்யாணத்தன்றைக்கே வேறு மண்டபத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, பெண் வீட்டார்தான் மண்டபம் மாறிவிட்டார்கள் என்று சொன்னவர்!

அக்காவும் அவர் பக்கம். "எழுதியே வெச்சிருக்காரேடி. இன்னும் என்ன?"

கிளம்பும்முன் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். புரியாத சீட்டைப் படம் எடுத்து வைப்பது கடைப் பழக்கம். வழியில் என் வீட்டுக்காரர் மெதுவாக, "ஒருவேளை நீயே வாய் தவறி…" என்று இழுத்தார்.

"விடுங்கறது உங்க டயலாக்! எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது!"

தெருவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். இனிமேல் வீட்டில் அந்த வார்த்தையே கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 9

மழை. தார்ப்பாய் ஒழுகுகிறது. கூரை போடுகிறவர் வந்து பார்த்துவிட்டு, பெருமழைக்கு முன்னால் போடாவிட்டால் சுவரும் உட்கார்ந்துவிடும் என்றார். அவர் நாக்கில் சனி.

அக்கா போனை எடுக்கவில்லை. கூரை போனதைவிட இதுதான் பெரிய நஷ்டம்.

ஜூன் 11

பிடித்துவிட்டேன்!

மத்தியானம் கடையில் கூட்டமில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டாக்டர் கையெழுத்தைப் படிக்க ஒரு வழி உண்டு. புரியாத சொல்லையே முறைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அதே ஆள் பக்கத்தில் வேறென்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். பார்த்தேன். அதே பக்கம், நாலு வரி கீழே:

சிக்கிரம் போகணும்.
விட்டுச் சாவி வாங்கணும்.
மின் – அரைக் கிலோ.

மனுஷனுக்குச் சுழி போடும் பழக்கமே இல்லை! நெடில் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார். வீடு என்றுதான் எழுதியிருக்கிறார், அடுத்து போட வேண்டியது வீடு என்று. ஒரு வாரம் கழித்து, தான் எழுதியதைத் தானே விடு என்று படித்து, விட்டும் விட்டார்.

முதலாளி என்னம்மா சிரிக்கிறே என்றார். இருமல் மருந்து என்றேன்.

ஜூன் 12

அக்கா எடுக்கிறவரை விடவில்லை. ஏழாவது தடவை எடுத்தாள்.

"என்னடி வேணும்?"

"ஒரே கேள்விக்கா. மார்ச்ல உன் வீட்டுக்காரர் அரைக் கிலோ மின்சாரம் வாங்கிட்டு வந்தாரா?"

"பைத்தியமா உனக்கு?"

படத்தை அனுப்பினேன். அப்புறம் அந்தச் சிரிப்பு, சின்ன வயதில் பாடப் புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரிப்பாளே, அது. "அன்னிக்கு மீனும் வாங்கலை அந்த மனுஷன். மின்னு எழுதியிருக்கு, கரண்ட் பில்லுன்னு நினைச்சேன்னு சொல்லிட்டு வெறுங்கையோட வந்தார்டி!"

சிரித்து முடித்ததும் அவள் குரல் மாறிவிட்டது. "உன்னைப் போய் சந்தேகப்பட்டேனே" என்றாள். அழுதாள். நானும்தான்.

"எழுதித் தராம இந்த வீட்டுல அவருக்குச் சோறு கிடையாது" என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 14, சனி

இரண்டு வேளை தாங்கியிருக்கிறார். அக்கா கடிதத்தோடு வந்தாள்.

எல்லா நெடிலுக்கும் சுழி போட்டிருக்கிறார் அத்தான். பயந்துபோய், வேண்டாத இடத்திலும். கடைசி வரி: "வாடிக்கையாளர் தெளிவாகச் சொல்லியும், வீட்டுக் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் நான்தான் வீட்டுவீட்டேன். தப்பு என்னுடையது."

பேனாவை எடுத்தேன். மூடி வைத்துவிட்டேன். முப்பது வருஷத்தில் முதல் தப்பை ஒத்துக்கொண்டிருக்கிறார், அதில் போய் நான் கை வைப்பதா?

ஆகஸ்ட் 2, சனி

காலையிலிருந்து பெருமழை. பழக்கதோஷத்தில் படுக்கையறைக்கு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை. புது ஓடு இன்னும் சிவப்பு மாறாமல் இருக்கிறது.

அக்காவும் அத்தானும் குடையோடு வந்தார்கள். புது இன்சூரன்ஸ் தாளை அத்தானே என் கையில் கொடுத்து, ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"அந்த லெட்டரைப் படிச்சு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல சிரிச்சாங்களாம். நீ கவனிக்கலையா, மச்சினி?"

"கவனிச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"விடுங்க, அத்தான்."

என் வீட்டுக்காரர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அத்தான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, டைரியைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார்:

"குறில்தானே?"