கேட்க வேண்டாம் என்று எழுதியிருந்த பக்கம்

என் வாய்க்குக் கடிவாளமாக இருந்த அண்ணிக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அண்ணன் பரவாயில்லை. சோறு ஆக்கக் கற்றுக்கொண்டார், குழம்புக்கு மட்டும் இன்னும் பிரிக்பீல்ட்ஸ் கடைக்கு நடக்கிறார். வாசலில் கிடக்கும் உங்கள் செருப்பை எடுத்து வைக்கப் போனேன், இருக்கட்டும் என்றார். விட்டுவிட்டேன்.

உங்களுக்குப் பிடிக்காத செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது சனிக்கிழமைக் கூட்டம் நின்றுபோய்விட்டது. ஐந்து வருஷம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து நடத்தியது. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில் பள்ளியில் படிவம் ஐந்து முடித்த பிள்ளைகளையும் பெற்றோரையும் உட்காரவைத்து, நம்மவர்களில் வேலையில் ஓர் இடத்துக்கு வந்தவரை மாதம் ஒருவராகக் கூப்பிட்டுப் பேட்டி எடுப்போமே, அது. பேட்டி முடிந்ததும் வந்தவரே இரண்டு பிள்ளைகளை மேடைக்கு அழைத்து, வேலைக்கு ஆள் எடுப்பதுபோல் கேள்வி கேட்பார். காலை ஆட்டாதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேறு யார் இருக்கிறார்கள் என்பீர்கள்.

மேடையில் நான் இருப்பேன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் பேசியே பிழைக்கிறவள், எனக்கு மைக் என்றால் பாயசம். கடைசி வரிசையில் ஓரமாக, மடியில் கைப்பையோடு நீங்கள். மேடைக்கு வாங்க அண்ணி என்று ஒவ்வொரு மாதமும் கூப்பிடுவேன். எனக்கு அங்கே என்ன வேலை என்று முந்தானையைச் சரிசெய்துகொள்வீர்கள்.

ஆனால் பாதி வேலைக்கு மேல் உங்களுடையதுதான். வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையின் முன்மேசையில் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரப்போகிறவருக்கு நீங்கள் போன் போடுவீர்கள். முன்பேச்சு என்று அதற்குப் பெயர் வைத்தீர்கள். முதல் வேலைக்கு நேர்முகத்துக்குப் போனபோது யாருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு போனீங்க? கூட யார் வந்தாங்க? எத்தனை பேர் வேண்டாம்னு சொன்னாங்க? ஒரு மணி நேரம் பேசிவிட்டு ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு பக்கம் எழுதித் தருவீர்கள். மேலே கேட்க வேண்டியவை. கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே கேட்க வேண்டாதவை.

பெரிய பெரிய ஆட்கள் உங்களிடம் மட்டும் எப்படி இத்தனையும் சொன்னார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. உங்கள் குரல் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது தனபாலன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் உண்மைப் பெயர் அதுவல்ல என்பது உங்களுக்குத் தெரியும், இதை அச்சில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கிள்ளானில் சரக்குக் கொள்கலன்கள் இறக்கும் இடத்தில் பாதுகாப்பு அதிகாரி. இரண்டு வருஷத்துக்கு முன் நம் மேடைக்கு வந்தார். நல்ல மனிதர், ஆனால் பேச்சில் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. தலைக்கவசம், விதிமுறை, சான்றிதழ் என்று முக்கால் மணி நேரம். பிள்ளைகள் போனைத் தடவ ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு தாய் கொட்டாவி விட்டதை மேடையிலிருந்தே பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நோட்டைப் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே உங்கள் குண்டு எழுத்தில் இருந்தது. முதல் நேர்முகம், ஷா ஆலம். அப்பா மோட்டாரில் கொண்டுவந்து விட்டார். நகராண்மைக் கழகக் குப்பை லோரியில் வேலை, சீருடையோடு அப்படியே வந்திருந்தார். உள்ளே, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். அப்பா இல்லை, இறந்துவிட்டார் என்று இவர் சொன்னார். அப்பா வெளியே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு காத்திருந்தார். அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. இதைக் கேட்க வேண்டாம். அடியில் இரண்டு கோடு.

படித்தேன், அண்ணி. நன்றாகப் புரிந்தது. புரிந்துதான் கேட்டேன்.

"முதல் இன்டர்வியூல உங்க அப்பாவைப் பத்திக் கேட்டாங்களாமே, என்ன சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கடைசி வரிசையில் உங்களைப் பார்த்தார். அதன்பிறகு மூன்றாவது வரிசையைப் பார்த்தார், அது ஏன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. மழுப்பியிருக்கலாம். பொய் சொல்லி ஒருமுறை பட்டது போதும் என்று நினைத்தாரோ என்னவோ. அப்பா செத்துட்டார்னு சொன்னேன், அவர் வெளிய எனக்காக நின்னுக்கிட்டிருந்தார் என்றார். மண்டபம் அடங்கிப்போனது. பிள்ளைகள் போனைக் கீழே வைத்தார்கள். யாரோ கைதட்ட ஆரம்பிக்க, எல்லோரும் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். கைப்பையைப் பெஞ்சில் போட்டுவிட்டு நீங்கள் அவர் பின்னால் போனீர்கள்.

மகன் மேடையில் உட்காருவதைப் பார்க்க ஆசைப்பட்டு வந்திருந்தாராம். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன் என்று பல நாள் என்னை நானே தேற்றிக்கொண்டேன். பிள்ளைகளுக்கு உதவும் என்றுதான் கேட்டேன் என்றும் சொல்லிக்கொண்டேன். பிள்ளைகளுக்காக இல்லை. கொட்டாவிக்காகக் கேட்டேன்.

கூட்டம் கலைந்ததும் தனபாலன் உங்களிடம் வந்தார். நான் நாலடி தள்ளி மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். உங்களை நம்பித்தானே சொன்னேன் என்றார். குரல்கூட உயரவில்லை. நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. "என் தப்புங்க. அவகிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றீர்கள்.

நான் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். தோசைக்கு அரைக்க வேண்டும் என்றீர்கள். அடுத்த மாதம் நோட்டு வந்தது. கேட்க வேண்டியவை மட்டும் இருந்தன. கோட்டையும் காணோம், கோட்டுக்குக் கீழே எதையும் காணோம். அதுதான் நீங்கள் எனக்குக் கொடுத்த தண்டனை. அதைப் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை. எதற்கெல்லாமோ திறக்கிற வாய்.

போன மாதம் கூட்டத்தைத் திரும்பத் தொடங்கலாம் என்று அண்ணனிடம் உங்கள் நோட்டுகளை வாங்கி வந்தேன். தனபாலன் பக்கம் தானாகத் திறந்துகொண்டது. பல தடவை திறந்து பழகிய பக்கம் போலிருக்கிறது. அதில் நான் பார்க்காத வரிகள் இருந்தன, வேறு வேறு மையில். தீபாவளிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பொங்கலுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம், போட்டேன், எடுக்கவில்லை. கடைசி வரி நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எழுதியது, எழுத்து சரிந்து கிடந்தது. அதுவும் எடுக்கவில்லைதான்.

நான் செய்த தப்புக்கு நீங்கள் கடைசிவரை கதவைத் தட்டிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் போயிருப்பேனா?

மறுநாள் லீவு போட்டுவிட்டு கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். நேர்முகத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு நாம் சொல்வோமே, சொல்லப்போவதை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார் என்று. ஷா ஆலம் தாண்டும்வரை சொல்லிப் பார்த்தேன். எதிரில் இருந்த மலாய்க்கார அம்மா இடம் மாறி உட்கார்ந்துகொண்டார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

தாமான் குடியிருப்பில் கடைசி வீடு. பெரியவர்தான் கதவைத் திறந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. வாம்மா, பிள்ளை உள்ளே இருக்கான், உட்காரு, வெயில்ல வந்திருக்க என்று அவரே மைலோ கலக்கப் போனார். அந்த மைலோவைக் குடிப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தனபாலன் என்னை வெளியே பூச்சட்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பேசினார். நீங்கள் இறந்த செய்தி அவருக்குத் தெரியவில்லை. சொன்னேன். சுவரில் கை வைத்துக்கொண்டார். எப்போது என்று மட்டும் கேட்டார். பிறகு, ரயிலில் சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துபோய், உளறிக்கொட்டினேன்.

"அண்ணி மறக்கல. எழுதித்தான் வச்சிருந்தாங்க. நான் படிச்சிட்டுதான் கேட்டேன்."

வீட்டுக்குள்ளே டிவியில் மலாய்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. தனபாலன் தன் அப்பாவைப் பற்றித்தான் முதலில் சொன்னார். அன்றைக்கு மண்டபத்திலிருந்து காரில் திரும்பும்போது பெரியவர் எதுவும் கேட்கவில்லையாம். ஒரு வாரம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு தடவை சொன்னாராம்.

"அன்னைக்கு நான் சட்டை மாத்திட்டு வந்திருக்கணும் லா."

அதை என்னிடம் சொல்லும்போது தனபாலன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சொல் அங்கே எவ்வளவு சின்னதாக இருந்தது தெரியுமா?

என் மேல் கோபம் இல்லை என்றார். மேடையில் இருப்பவள் எதையாவது கேட்கத்தான் செய்வாள் என்று எனக்கு ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். கோபமெல்லாம் உங்கள் மேல்தானாம். அதற்கு அவர் சொன்ன காரணம்தான் என்னை உட்காரவைத்துவிட்டது. "அவங்க முதல்ல தன்னோட கதையைச் சொன்னாங்க. தான் போன ஒரு இன்டர்வியூவைப் பத்தி. அதுக்கப்புறம்தான் நான் வாயைத் திறந்தேன்."

அண்ணி, அப்படித்தானா? ஒவ்வொருவருக்கும் அப்படித்தான் செய்தீர்களா? கேட்பதற்கு முன்னால் உங்களுடையதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தீர்களா? அறுபது பேரைப் பேட்டி எடுத்தவள் நான். எங்கள் வீட்டுக்கு நீங்கள் வந்து இருபத்தாறு வருஷம். கண்ணாடிக் கடை வேலை தெரிந்தவர் மூலம் வந்தது, நேர்முகம் என்று ஒன்றுக்கு நீங்கள் போனதே எனக்குத் தெரியாது. என்ன வேலை? எந்த வருஷம்? யாருடைய சேலையைக் கட்டிக்கொண்டு போனீர்கள்? கூட யார் வந்தார்கள்? கிடைக்கவில்லையா, கிடைத்தும் எங்கள் வீட்டில் யாராவது போக வேண்டாம் என்றார்களா?

பழக்கதோஷம், கேட்டேவிட்டேன். என்ன கதை சொன்னாங்க?

தனபாலன் தலையை ஆட்டினார். "அது எனக்குன்னு சொன்னது. கோபத்துல இருந்தப்பகூட என் மனைவிகிட்ட நான் சொல்லல. உங்ககிட்டயும் சொல்லமாட்டேன்."

கடுமையாகச் சொல்லவில்லை. வாங்கிவைத்த பொருளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொல்வதுபோல் சொன்னார். நான் செய்யத் தவறியதை அவர் செய்துகொண்டிருந்தார், அதுவும் நீங்கள் துரோகம் செய்தீர்கள் என்று நம்பிக்கொண்டே. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒருமுறையாவது போனை எடுத்திருக்கலாம் என்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அஸ்தியை எங்கே கரைத்தீர்கள் என்று கேட்டார். மோரிப் கடலில் என்றேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் போய் வருகிறேன் என்றார்.

இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் மறுபடி கிள்ளான் போய் அவருக்குப் படித்துக் காட்டினேன். பெரியவரும் பக்கத்தில் இருந்து கேட்டார். ஒரு வரியை எடுக்கச் சொன்னார்கள், எடுத்துவிட்டேன். பெரியவர் மட்டும், குப்பை லோரின்னு இருக்கிறது இருக்கட்டும், அதான் என் வேலை என்றார்.

வரும் மூன்றாவது சனிக்கிழமை மண்டபம் திறக்கிறது. செலாயாங்கிலிருந்து ஓர் ஆஸ்பத்திரித் தாதி வருகிறார். நேற்று மதியம் முன்பேச்சுக்கு முதன்முதலாக நானே போன் போட்டேன். முன்னே பேசின அக்கா எங்கே என்று கேட்டார். நீங்கள் அவரிடம் ஏற்கெனவே ஒருமுறை பேசியிருக்கிறீர்களாம். சொன்னேன். அந்தப் பக்கம் விசும்பும் சத்தம் கேட்டது. உங்களிடமிருந்து அவருக்கும் ஏதோ ஒன்று வந்திருக்கிறது என்று புரிந்தது. நாக்கு நுனிவரை வந்த கேள்வியை விழுங்கினேன்.

அதற்குப் பதிலாக, முதலில் என்னுடையதைச் சொன்னேன். ஒரு மண்டபம், ஒரு கொட்டாவி, சுற்றிக்கொண்டே இருந்த ஒரு மைக் வயர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர் தன் கதையைத் தொடங்கினார்.

நோட்டில் அவருக்கு ஒரு பக்கம் எழுதி, நடுவில் கோடு போட்டிருக்கிறேன். கோட்டுக்குக் கீழே இருப்பதை நான் மேடையில் தொடமாட்டேன், மண்டபமே குறட்டை விட்டாலும். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. அந்த அறுபது பேரும் உங்களைப் பற்றி வைத்திருப்பதை ஒருவரிடமும் கேட்கமாட்டேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதினேன். மேல்பாதியை வெறுமையாக விட்டேன். கோட்டுக்குக் கீழே, கேட்க வேண்டாம் என்று எழுதி, நீங்கள் செய்வதுபோலவே அடியில் இரண்டு கோடு போட்டேன்.

வாயாடி என்று நீங்கள் செல்லமாகக் கூப்பிட்ட,
உங்கள் நாத்தனார்
பவானி